ஆறு ஊர், ஒரு பெட்டி

புறப்படுவதற்கு முந்தைய இரவு

நாளை காலை பெட்டி கிளம்புகிறது. போனும் கணினியும் பழக்கும் பட்டறை: 6 நாள், 6 ஊர். ஒவ்வோர் ஊரிலும் ஒரு பொதுக்கூடத்தில் 90 நிமிட அமர்வு இரண்டு. அமர்வுக்கு 16 பேர், உதவியாளர் 4 பேர். நாலு பேருக்கு ஒருவர் என்ற இந்தக் கணக்கை விட்டுக்கொடுக்கவே கூடாது. எட்டுப் பேருக்கு ஒருவர் என்று ஆனால், சிக்கிக்கொண்டவர் கை தூக்கிவிட்டுப் பத்து நிமிடம் காத்திருப்பார். அந்தப் பத்து நிமிடத்தில் "எனக்கு இது வராது" என்று முடிவு கட்டிவிடுவார். மறுமுறை வரமாட்டார்.

சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 2024-ல் சொன்ன கணக்குப்படி, உலகில் 260 கோடிப் பேர் அப்போதும் இணையத்துக்கு வெளியே இருந்தார்கள். பட்டறைக்கு வருகிறவர்களில் பலர் இந்தக் கணக்கில்கூட இல்லை. அவர்கள் கையில் போன் இருக்கிறது, சிம் இருக்கிறது, நெட்டும் இருக்கிறது. பச்சையையும் சிவப்பையும் தவிர எதையும் தொடப் பயம்.

பெட்டிக்குள் இருப்பவை: பழைய லேப்டாப் 12, பயிற்சிக்கான ஆண்ட்ராய்டு போன் 6, சிம் போடும் 4ஜி ரூட்டர், ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கணினி ஒன்று, எக்ஸ்டென்ஷன் போர்டு 4, மவுஸ் 14, மூன்று வகை சார்ஜர் கேபிள், ஏ3 தாளில் பெரிதாக அச்சிட்ட போன் திரைகள் 40, மார்க்கர், ஒரு டப்பா நிறையப் பல்குச்சி. சார்ஜ் ஏறவில்லை என்று வரும் போன்கள் பலவற்றில் கோளாறே இருக்காது, சார்ஜர் சொருகும் ஓட்டையில் சட்டைப்பைத் தூசி இறுகிக் கிடக்கும். போனை அணைத்துவிட்டு மரக்குச்சியால் மெல்லச் சுரண்டினால் பஞ்சு மாதிரி வெளியே வரும். குண்டூசியை வைத்துச் சுரண்டக் கூடாது. உள்ளே இருக்கும் தகடு வளைந்துவிட்டால் சரிசெய்ய வழியில்லை.

நன்கொடையாக வந்த லேப்டாப்கள் எல்லாமே 4 ஜிபி ரேம் உள்ள பழைய மாடல்கள். விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது. விண்டோஸ் 11 போடுவதற்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும், இவற்றில் அது இல்லை. அதனால் 12-லும் லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தின் எளிய எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு போட்டாயிற்று. பழைய ஹார்ட் டிஸ்கைக் கழற்றி வேகமான எஸ்எஸ்டி சேமிப்பகம் மாட்டியதுதான் பெரிய மாற்றம். ஆன் செய்துவிட்டு மூன்று நிமிடம் சுற்றும் வளையத்தைப் பார்த்துக்கொண்டிருப்பவர், தான் ஏதோ தவறாக அழுத்திவிட்டதாகவே நினைப்பார்.

பேட்டரி உப்பியிருந்த வேறு இரண்டு லேப்டாப்பை ஒதுக்கி வைத்தாயிற்று. மேசையில் வைத்தால் ஆடுவது, டச்பேட் மேலே எழும்பி நிற்பது, மூடி சரியாக மூடாதது ஆகியவை அதற்கு அடையாளம். "ஒரு நாள்தானே" என்று கூட்டத்துக்கு எடுத்துப் போகக் கூடாத பொருள் அது.

தானமாக வந்த போன்களில் மூன்று பயன்படவில்லை. கொடுத்தவர்கள் தங்கள் கூகுள் கணக்கை நீக்காமலே ஃபேக்டரி ரீசெட் செய்துவிட்டார்கள். ஆண்ட்ராய்டு 5.1 முதல் இருக்கும் திருட்டுத் தடுப்பு வசதி, ரீசெட்டுக்குப் பிறகு பழைய கணக்கின் பாஸ்வேர்டைக் கேட்கும். அது கிடைக்காமல் போன் திறக்காது. போன் தர நினைக்கிறவர்கள் முதலில் அமைப்புகளுக்குள் போய்க் கணக்கை நீக்க வேண்டும், ரீசெட் அதற்குப் பிறகுதான். கொடுத்தவர்களைத் தேடிப் பிடித்துக் கேட்பதைத் தவிர இந்த மூன்றுக்கும் வேறு வழியில்லை.

நாள் 1: நூலகக் கூடம்

காலை 9 மணிக்கு வாசலில் ஒரு மேசை, ஒரு கட்டுத் துண்டுச்சீட்டு. பதிவேட்டில் பெயர், வயது, படிப்பு எதையும் கேட்பதில்லை. ஒரே கேள்விதான்: "என்ன வேலையை முடிக்கணும்னு வந்தீங்க?" மகனுக்கு வீடியோ கால் போட வேண்டும். பேருந்து நேரம் பார்க்க வேண்டும். மருத்துவமனையில் டோக்கன் எடுக்க வேண்டும். போனில் இடமில்லை என்று வந்துகொண்டே இருக்கிறது. எழுதத் தெரியாதவர் சொல்லச் சொல்ல உதவியாளர் எழுதிக்கொள்கிறார். அன்றைய பாடம் அந்தச் சீட்டுகளில் இருக்கிறது. "கணினி என்றால் என்ன, அதன் பாகங்கள் யாவை" என்று தொடங்கும் பாடத்திட்டம் எதையும் பெட்டியில் வைக்கவில்லை. டோக்கன் எடுக்க வந்தவருக்கு சிபியூவின் விரிவாக்கம் எதற்கு?

இன்று நிறையச் சொல்லிக்கொடுத்தது நெட்தான். விநாடிக்கு 10 மெகாபிட் (எம்பிபிஎஸ்) வேக இணைப்பு. 480பி தர வீடியோ ஒன்றுக்கு ஏறக்குறைய 1 எம்பிபிஎஸ் போனாலும், ஏழெட்டுப் பேர் ஒரே நேரத்தில் பார்க்கப் போதும். ஆனால் 16 பேரும் வைஃபையில் இணைந்த ஐந்தாவது நிமிடத்தில் எதுவுமே திறக்கவில்லை. காரணம் எளிது. மாதக்கணக்கில் வைஃபையையே பார்க்காத போன்கள் அவை. வைஃபை கிடைத்ததும், இத்தனை நாள் தள்ளிப்போட்ட ஆப் அப்டேட், போட்டோ பேக்கப், வாட்ஸ்அப் பேக்கப் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் ஆரம்பித்துவிட்டன.

சரிசெய்தது இப்படி. ஒவ்வொரு போனிலும் வைஃபை பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் பல்சக்கரத்தைத் தொட்டு, நெட்வொர்க் பயன்பாடு என்ற இடத்தில் "கட்டண நெட்வொர்க்" என்று மாற்ற வேண்டும். போன் இதையும் காசு கொடுத்து வாங்கிய டேட்டாவாக நினைத்துக்கொண்டு பின்னணி வேலைகளை நிறுத்திவைக்கும். இரண்டாவது அமர்வில் இந்த வேலை வாசல் மேசையிலேயே முடிந்துவிட்டது, கூடத்தில் சிக்கலே இல்லை. அவசரத்துக்கு ஒருவர் போனின் ஹாட்ஸ்பாட்டைப் போட்டுக்கொள்ளலாம் என்று நினைப்பவர்கள் கவனிக்க: பல போன்கள் 10 இணைப்புக்கு மேல் ஏற்பதில்லை.

இன்னொரு சிக்கலுக்கும் நெட்டைத்தான் எல்லோரும் திட்டுவார்கள். ஒரு லேப்டாப்பில் மட்டும் எந்தத் தளத்தைத் திறந்தாலும் "இணைப்பு பாதுகாப்பானதல்ல" என்று வந்தது. மூலையில் இருந்த கடிகாரம் 2015-ஐக் காட்டியது. தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழுக்குத் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு. கணினி 2015-ல் இருந்தால் இன்றைய சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை என்றுதான் அது கணக்குப் போடும். மதர்போர்டில் இருக்கும் காசு வடிவ பேட்டரி, சிஆர்2032, தீர்ந்துபோயிருந்தது. தேதியைக் கையால் மாற்றியதும் எல்லாம் திறந்தன. பேட்டரியை மாற்றும்வரை, கரண்ட்டே இல்லாமல் கிடந்து மறுபடி ஆன் செய்யும் ஒவ்வொரு முறையும் தேதியைத் திருத்த வேண்டியிருக்கும். ஒருவர் வைத்திருந்த பழைய போனிலும் இதே நோய். நேரத்தைத் தானாக எடுத்துக்கொள்ளும் வசதி அணைந்திருந்தது.

நாள் 2: மலையடிவாரம், சமூகக்கூடம்

வந்தவர்களில் பெரும்பாலோர் அறுபதைத் தாண்டியவர்கள். இன்றைய பாடம் விரல்.

முன்வரிசையில் ஒரு பாட்டி. பேரன் அனுப்பிய போட்டோவைப் பார்க்க வேண்டும் என்பதுதான் சீட்டு. "தம்பி, எதைத் தொட்டாலும் ஆடுது. ஒண்ணும் திறக்க மாட்டேங்குது" என்றார். அவர் தொடுவதைக் கிட்டத்தில் பார்த்தால் காரணம் தெரிந்தது. விரல் நுனியைப் பச்சை ஐகான் மேல் வைத்து, அழைப்பு மணியை அழுத்துவதுபோல் ஊன்றி அழுத்துகிறார். அழுத்தம் போதவில்லையோ என்று இன்னும் கொஞ்சம் ஊன்றுகிறார். அரை விநாடிக்கு மேல் விரல் நின்றால் போன் அதைத் "தொட்டுப் பிடித்தல்" என்று எடுத்துக்கொள்ளும். ஐகான் இடம் மாறத் தயாராகும், இல்லையென்றால் ஒரு பட்டியல் எட்டிப்பார்க்கும். பலமாக அழுத்த அழுத்தத் தவறு கூடிக்கொண்டே போகிறது. இத்தனை வருடம் பொத்தான்களை அழுத்திப் பழகிய கை அது. அந்தப் பழக்கத்துக்கு நேர் எதிரான ஒன்றை இந்தக் கண்ணாடி கேட்கிறது.

"சூடான பாத்திரத்தைத் தொட்டுப் பாப்பீங்கல்ல பாட்டி, அந்த மாதிரி. தொட்டதும் எடுத்துடுங்க." இரண்டாவது முயற்சியில் திறந்துவிட்டது. கூடவே அமைப்புகளில் மாற்றுத்திறன் வசதிக்குள் போய், தொட்டுப் பிடிக்கும் நேரத்தைக் "குறைவு" என்பதிலிருந்து "அதிகம்" என்று மாற்றிவைத்தால் விரல் கொஞ்சம் தாமதித்தாலும் போன் பொறுத்துக்கொள்ளும்.

இன்னொருவருக்கு எப்படித் தொட்டாலும் திரை அசையவே இல்லை. வேலை செய்து காய்த்துப்போன, வெடித்து வறண்ட விரல் நுனி. திரை உணர்வது அழுத்தத்தை அல்ல, தோலின் வழியே நடக்கும் மிகச் சிறிய மின்னேற்ற மாற்றத்தை. வறண்ட தடித்த தோலில் அது பலவீனமாக இருக்கும். ஈரத் துணியில் விரலை ஒற்றிக்கொண்டதும் திரை கேட்டது. மேலே ஒட்டியிருந்த தடிமனான, காற்றுக்குமிழி விழுந்த பாதுகாப்புக் கண்ணாடியை எடுத்ததும் இன்னும் நன்றாகக் கேட்டது. சில போன்களில் தொடு உணர்திறனைக் கூட்டும் அமைப்பும் இருக்கிறது. இப்படிப்பட்டவர்களுக்குக் கைரேகைப் பூட்டும் அடிக்கடி ஏமாற்றும். பின் எண்ணைப் போடச் சொல்வதே நல்லது.

பாடம் தொடங்கும் முன் ஒவ்வொரு போனிலும் இரண்டு நிமிடத்தில் செய்ய வேண்டியவை: திரை அணையும் நேரத்தை 30 விநாடியிலிருந்து 5 நிமிடமாக்குவது, எழுத்தின் அளவை ஒரு படி கூட்டுவது, திரை தானாகச் சுழல்வதை நிறுத்துவது. முதலாவதைச் செய்யாவிட்டால், உதவியாளர் பேசி முடிப்பதற்குள் திரை கறுத்துவிடும். அவர்கள் அதையும் தங்கள் தவறாகவே எடுத்துக்கொள்வார்கள்.

இனி, இந்தப் பயணத்தில் எதை மறந்தாலும் மறக்கக் கூடாத விதி. உதவியாளரின் கை அவர்கள் போனைத் தொடவே கூடாது. "குடுங்கம்மா, நான் பண்ணித் தரேன்" என்று வாங்கி, நாலு தட்டுத் தட்டித் திருப்பிக் கொடுப்பது பத்து விநாடி வேலை, அன்பான வேலையும்கூட. ஆனால் அந்த அம்மா அதில் பார்த்தது வேகமாக ஓடிய ஒரு கட்டைவிரலை மட்டும்தான். வீட்டுக்குப் போனதும் அதே வேலைக்கு இன்னொருவரைத் தேட வேண்டும். வீட்டில் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் வருடக்கணக்கில் செய்து வருவது இதைத்தான், அதனால்தான் அவர் இங்கே வந்திருக்கிறார்.

அதனால் உதவியாளர் எதிரில் உட்காராமல் பக்கத்தில் உட்கார வேண்டும். எதிரில் இருந்தால் திரை தலைகீழாகத் தெரியும், இடது வலது குழம்பும். ஒரு கையில் பென்சில். அதன் முனை திரைக்கு ஓர் அங்குலம் மேலேயே நிற்க வேண்டும். சொல்லும்போது பெயருக்கு முன் இடம்: "கீழே, வலது ஓரம், பச்சை வட்டம்." செய்துகாட்டியே ஆக வேண்டும் என்றால் பயிற்சிப் போனில் செய்துகாட்டலாம். பிறகு அதே வேலையை மூன்று முறை அவர்கள் செய்ய வேண்டும். முதல் முறை நாம் சொல்லச் சொல்ல. இரண்டாம் முறை அடுத்து என்ன என்பதை அவர்களே வாய்விட்டுச் சொல்லிக்கொண்டு. மூன்றாம் முறை நாம் வாயே திறக்கக் கூடாது. உதவியாளர்களுக்குக் கடினமானது மூன்றாவதுதான். இன்று நாலு பேரும் திணறினார்கள்.

பாட்டி மூன்றாவது முறை போட்டோவைத் தானே திறந்து, இரண்டு விரலால் விரித்து, பேரன் போட்டிருந்த சட்டையின் பொத்தான் வரைக்கும் பார்த்தார்.

நாள் 3: சந்தைத் தெரு, பள்ளி வகுப்பறை

இன்று வந்த சீட்டுகளில் அதிகம் பாஸ்வேர்டு. போன் வாங்கியபோது கடையிலோ தெரிந்தவரோ கூகுள் கணக்கு போட்டுக் கொடுத்திருப்பார்கள். பெயர் ஏதோ ஒன்று, பிறந்த வருடம் ஏதோ ஒன்று, மீட்பு எண் போட்டுக் கொடுத்தவருடையது. போனில் ஏற்கெனவே உள்நுழைந்து இருப்பதால் வருடக்கணக்கில் எந்தத் தொந்தரவும் தெரியாது. போன் உடையும் நாளில் தொடர்பு எண்கள், போட்டோக்கள் எல்லாமே பூட்டிய பெட்டிக்குள் போய்விடும்.

ஆகவே போன் நல்ல நிலையில் இருக்கும்போதே இதைச் செய்துவிட வேண்டும். அமைப்புகளில் கூகுள் பகுதிக்குள் போய்க் கணக்கை நிர்வகிக்கும் பக்கத்தைத் திறந்து, பாதுகாப்பு என்ற தாவலில் மீட்பு ஃபோன் எண்ணைப் பார்க்க வேண்டும். தன் எண் இல்லையென்றால் மாற்ற வேண்டும். மாற்றும்போது பாஸ்வேர்டோ திரைப் பூட்டோ கேட்கும். மாற்றிய பிறகும் ஒரு வாரம் வரை பழைய எண்ணுக்குக் குறியீடு அனுப்பும் வாய்ப்பைக் கூகுள் காட்டலாம், பதற வேண்டியதில்லை.

பாஸ்வேர்டே தெரியாதவர்கள் மீட்பு முயற்சியைப் பட்டறை லேப்டாப்பில் செய்யக் கூடாது. இன்று ஒருவருக்கு அப்படிச் செய்யப்போய், சரியான விவரம் கொடுத்தும் "இது நீங்கள்தான் என்று உறுதிசெய்ய முடியவில்லை" என்று வந்துவிட்டது. கூகுளின் கண்ணில் அது முன்பின் பார்க்காத கணினி, முன்பின் பார்க்காத வைஃபை. அவருடைய போனிலேயே, அவர் வழக்கமாக இருக்கும் இடத்திலேயே முயன்றால் வாய்ப்பு அதிகம். வீட்டில் செய்ய வேண்டிய படிகளை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தாயிற்று.

பாஸ்வேர்டை நோட்டில் எழுதி வைக்கலாமா என்று கேட்காதவர் இல்லை. தாராளமாக எழுதலாம், வீட்டுப் பத்திரங்கள் இருக்கும் இடத்தில் வைக்கலாம். உலகத்தின் மறுமூலையிலிருந்து கணக்கை உடைக்கப் பார்ப்பவனுக்கு உங்கள் அலமாரி எட்டாது. போன் உறைக்குள் மட்டும் செருகி வைக்காதீர்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்ற பழைய அறிவுரையையும் விட்டுவிடலாம். தொழில்நுட்பத் தரங்களை வகுக்கும் அமெரிக்க அரசின் நிஸ்ட் அமைப்பே 2017 வழிகாட்டியில் அப்படிக் கட்டாயப்படுத்த வேண்டாம் என்று சொல்லிவிட்டது. நீளம்தான் முக்கியம். ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத நாலு சொற்களைச் சேர்த்தால் நினைவிலும் நிற்கும், உடைக்கவும் கடினம்.

அடுத்தது ஓடிபி. "யாருக்கும் சொல்லாதீங்க" என்று நூறு முறை சொன்னாலும் பயனில்லை. ஏமாற்றுகிறவன் பேச்சு வேறு மாதிரி இருக்கும். ஆகவே இங்கே நடிக்கிறோம். ஓர் உதவியாளர் அடுத்த அறையிலிருந்து பயிற்சிப் போனுக்கு அழைக்கிறார். முதலில் மரியாதை: "ஐயா வணக்கம்." பிறகு அச்சம்: இன்னும் அரை மணியில் சிம் முடங்கிவிடும். பிறகு உதவி: கவலைப்படாதீங்க, நான் இருக்கேன். பிறகு அவசரம்: இப்ப வந்த ஆறு எண்ணைச் சொல்லுங்க, லைனை மட்டும் கட் பண்ணிடாதீங்க. முதல் சுற்றில் 16 பேரில் 9 பேர் எண்ணைச் சொல்லிவிட்டார்கள், எல்லோரும் விவரமானவர்கள்தான். மரியாதையாகப் பேசுகிறவரின் லைனைத் துண்டிக்க அவர்களால் முடியவில்லை. எனவே இரண்டாவது சுற்றில் பழகியது ஒன்றே ஒன்று, சிவப்புப் பொத்தானைத் தொடுவது. பதில் சொல்ல வேண்டாம், காரணம் சொல்ல வேண்டாம், அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே வைத்துவிடலாம். வேண்டுமானால் அட்டையின் பின்புறமோ பில்லிலோ அச்சிட்டிருக்கும் எண்ணுக்கு நாமே அழைத்துக் கேட்டுக்கொள்ளலாம்.

திரையைப் பகிரும் ஆப்பை இறக்கச் சொல்பவர்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அதை இறக்கி அனுமதி கொடுத்துவிட்டால் நாம் எதையும் வாயால் சொல்லவே தேவையில்லை. வரும் குறுஞ்செய்தியை அவர்களே அங்கிருந்து படித்துக்கொள்வார்கள். வாட்ஸ்அப்பில் அமைப்புகள், கணக்கு, இருபடிச் சரிபார்ப்பு என்று போய் ஆறு இலக்கப் பின் ஒன்றைப் போட்டுவிட்டால், ஓடிபி வெளியே போனாலும் கணக்கு எளிதில் கைமாறாது. 123456 வேண்டாம், பிறந்த தேதியும் வேண்டாம்.

அமர்வு முடிந்ததும் மேசைகளில் கிடந்த தாள்களை எல்லாம் கிழித்தாயிற்று, பாதியில் யாருடைய பாஸ்வேர்டோ இருந்தது. லேப்டாப்களில் பிரவுசரை மூடும்போதே எல்லாத் தடயமும் அழியும்படி வைத்திருக்கிறோம். அப்படியிருந்தும் "பாஸ்வேர்டைச் சேமிக்கவா?" என்ற கேள்விக்கு "வேண்டாம்" சொல்லப் பழக்குவதை விடவில்லை. அடுத்த முறை அவர் உட்காரும் கணினி நம்முடையதாக இருக்காது.

நாள் 4: சிக்னல் இல்லாத ஊர்

மேட்டில் ஏறி நின்றால் ஒரு கோடு தெரியும், கூடத்துக்குள் அதுவும் இல்லை. இன்றைக்கு ராஸ்பெர்ரி பை.

உள்ளங்கை அளவு கணினி. அதில் இரண்டு மென்பொருள்கள்: லேர்னிங் ஈக்வாலிட்டி அமைப்பின் கோலிப்ரி, நெட் இல்லாமலே பாடங்களும் வீடியோக்களும் பயிற்சிகளும் தரும். 2007-ல் தொடங்கிய கிவிக்ஸ், விக்கிப்பீடியாவை அப்படியே ஒரு கோப்பாக அடக்கித் தரும். 2003-ல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியா முழுவதும் இந்தக் கூடத்தில் இன்று திறந்தது, வெளியே ஒரு பைட் நெட் இல்லாமல். ஐந்தாம் வகுப்புப் பிள்ளை ஒன்று திமிங்கிலத்தைத் தேடியது. அதன் அம்மா மெல்லக் கிட்டே வந்து மஞ்சள்காமாலையைத் தேடச் சொன்னார்.

செய்ய நினைப்பவர்களுக்கு, சறுக்கும் இடங்கள் நாலு. கிவிக்ஸ் கோப்புகள் பெரியவை. படங்களோடு கூடிய ஆங்கில விக்கிப்பீடியா 100 ஜிபியைத் தாண்டும். எஃப்ஏடி32 முறையில் வடிவமைத்த கார்டோ பென் டிரைவோ 4 ஜிபிக்கு மேற்பட்ட கோப்பை ஏற்காது. இடம் நிறைய இருந்தும் "இடமில்லை" என்று சொன்னால் அதுதான் காரணம். எக்ஸ்ஃபேட் என்ற முறையில் வடிவமைத்தால் போதும்.

இரண்டாவது, மின்சாரம். ராஸ்பெர்ரி பை 4-க்கு 5 வோல்ட் 3 ஆம்பியர் வேண்டும். கிடைத்த போன் சார்ஜரில் மாட்டினால் ஓடும், ஆனால் பத்துப் பேர் ஒரே நேரத்தில் வீடியோ திறந்ததும் தடுமாறி மறுபடி தொடங்கும். திரை மாட்டிப் பார்த்தால் மூலையில் மஞ்சள் மின்னல் குறி தெரியும். மூன்றாவது, நிறுத்தும் விதம். அப்படியே பிளக்கைப் பிடுங்கினால் கார்டில் எழுதிக்கொண்டிருந்தது பாதியில் நின்று, ஒருநாள் மொத்தமாகத் திறக்காமல் போகும். முறையாக அணைத்த பிறகே பிடுங்க வேண்டும். எதற்கும் அதே உள்ளடக்கத்தோடு இன்னொரு கார்டு பெட்டியில் இருக்க வேண்டும்.

நாலாவதுதான் கூடத்தில் அதிகக் குழப்பத்தை உண்டாக்கியது. பையைச் சின்ன லேன் கேபிளால் ரூட்டரோடு இணைத்து, எல்லோரும் அந்த ரூட்டரின் வைஃபையில் சேர்கிறார்கள் (பைக்குள் இருக்கும் வைஃபை இத்தனை பேரைத் தாங்காது). உடனே போன் "இந்த வைஃபையில் இணையம் இல்லை" என்று எச்சரித்துவிட்டு, சத்தமில்லாமல் மொபைல் டேட்டாவுக்கு மாறிவிடும். பிறகு பையின் முகவரியைத் தட்டினால் பக்கம் வராது. மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டு, எச்சரிக்கையில் "ஆம், இணைந்தே இரு" என்பதைத் தொட வேண்டும். முகவரியை மார்க்கரில் பெரிதாக எழுதிச் சுவரில் ஒட்டியிருந்தும், பலர் அதைக் கூகுள் தேடல் பெட்டியில் தட்டிக்கொண்டிருந்தார்கள். முகவரிப் பட்டை வேறு, தேடல் பெட்டி வேறு என்பதை ஏ3 தாளில் விரல் வைத்துக் காட்ட வேண்டியிருந்தது. ப்ரொஜெக்டரைவிட அந்தத் தாள்தான் உதவியது. அதைக் கையில் எடுத்துப் பார்க்கலாம், தப்பாகத் தொட்டாலும் ஒன்றும் ஆகாது.

மதியம் கரண்ட் போனது. கூடத்தில் 12 வோல்ட் 150 ஆம்பியர்-மணி (ஏஎச்) பேட்டரியோடு ஒரு இன்வெர்ட்டர் இருந்தது. பெருக்கினால் 1800 வாட்-மணி, லெட்-ஆசிட் பேட்டரியில் பாதியைத்தான் எடுப்பது நல்லது. 12 லேப்டாப் சார்ஜில் இருந்தால் 45 வாட் வீதம் 540 வாட். இன்வெர்ட்டரின் இழப்பையும் சேர்த்தால் ஒன்றரை மணி நேரம்கூடத் தாங்காது. லேப்டாப் பிளக்குகளை எல்லாம் பிடுங்கிவிட்டு, ரூட்டருக்கும் ராஸ்பெர்ரி பைக்கும் மட்டும் இன்வெர்ட்டரை விட்டதில் மாலை வரை ஓடியது. லேப்டாப்கள் தங்கள் சொந்த பேட்டரியில் ஓடின. இரவு தங்குமிடத்தில் அவற்றை முழுதாகச் சார்ஜ் ஏற்றுவது இதற்காகத்தான்.

நாள் 5: கடலோரம்

மழை. ஓர் அமர்வுதான் நடந்தது, 7 பேர். எல்லாச் சீட்டிலும் ஒரே வரி: போனில் இடமில்லை.

வாட்ஸ்அப்பில் சேமிப்பிடமும் தரவும் என்ற பகுதியில் சேமிப்பிடத்தை நிர்வகிக்கும் பக்கம், எந்தக் குழு எவ்வளவு இடத்தை அடைத்திருக்கிறது என்று பெரியதிலிருந்து வரிசையாகக் காட்டும். மேலே இருக்கும் ஒன்றிரண்டு குழுக்களில் காலை வணக்கப் படங்களும் பலமுறை சுற்றி வந்த வீடியோக்களும். அழிக்கும் முன் வேண்டியதை நட்சத்திரமிட்டு வைத்துக்கொள்ள வேண்டும். அவசரத்தில் ஒருவர் திருமணப் படங்களை அழிக்கப் போனார், நல்ல வேளை, கேட்டுவிட்டு அழித்தார். பிறகு தானாக இறங்குவதை மொபைல் டேட்டாவிலும் வைஃபையிலும் நிறுத்திவிட வேண்டும். இதை மட்டும் விட்டுவிட்டால் அடுத்த மாதம் இதே சீட்டு.

கடலோரம் என்பதால் ஒரு பழைய செய்தி. எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998-ல் புதுச்சேரிக் கிராமங்களில் தகவல் மையங்களைத் தொடங்கியது. அவற்றில் மீனவ ஊரான வீராம்பட்டினத்தில், அமெரிக்கக் கடற்படையின் தளத்திலிருந்து அலை உயரத் தகவலை இறக்கி ஒலிபெருக்கியில் சொல்லிவந்தார்கள். கணினியைத் தொடாதவருக்கும், எழுத்துக் கூட்டத் தெரியாதவருக்கும் அது போய்ச் சேர்ந்தது. இன்றும் கூடத்துக்கு வர முடியாத ஆட்கள் இருக்கிறார்கள்: வேலை முடிந்து இருட்டிய பிறகு திரும்புகிறவர்கள், படுக்கையில் இருப்பவர்கள், அவர்களைப் பார்த்துக்கொள்ளும் பெண்கள். அமர்வை மாலை 7 மணிக்கு மாற்றினால் முதல் வகையினர் வருவார்கள். மற்றவர்களுக்கு, கூடத்துக்கு வந்து கற்றவர் ஒருவர் வீட்டுக்குப் போய்ச் சொல்லித்தருவதுதான் வழி. அந்த ஏழு பேரிடமும் ஆளுக்கொரு வீட்டைக் கேட்டிருக்கிறோம்.

நாள் 6: கடைசி ஊர்

காலை அமர்வு தமிழ்த் தட்டச்சு. சிலருக்குப் பேசினாலே போதும். போன் விசைப்பலகையில் தமிழைச் சேர்த்து மைக் குறியைத் தொட்டுப் பேசினால் எழுத்தாக வரும். கூட்டச் சத்தத்தில் தப்பும் தவறுமாக வருவதால் வாசல் திண்ணைக்குப் போய்ப் பழகினார்கள். விண்ணப்பம் எழுத வேண்டிய இளைஞர்களுக்கு லேப்டாப்பில் தமிழ்99. தமிழ்நாடு அரசு 1999-ல் ஏற்ற விசைப்பலகை. உயிரெழுத்துகள் இடது கைக்கு, மெய்கள் வலது கைக்கு. ஒரே மெய்யை இரண்டு முறை தட்டினால் முதலாவதுக்குப் புள்ளி தானாக விழும். 'அம்மா' என்பதற்கு நாலே தட்டு: அ, ம, ம, ஆ. ஆங்கில எழுத்து தெரியாதவருக்கு இதைவிட எளிய வழி கிடையாது, அவர் மனதில் எழுத்துக் கூட்டுகிற வரிசையிலேயே விரல் போகிறது. விசைகளின் மேல் தமிழ் எழுத்து ஒட்டிகளை ஒட்டி வைத்திருந்தோம், அரைமணியில் பெயரும் முகவரியும் அடித்துவிட்டார்கள்.

ஒருவர் பென் டிரைவில் கொண்டுவந்த பழைய விண்ணப்பம் புரியாத குறிகளாகத் திறந்தது. கோப்பு கெடவில்லை. எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோடு குறியீட்டு முறை பரவுவதற்கு முன் வந்த எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவத்தைப் போட்டு ஏமாற்றின. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ஆங்கிலக் குப்பைதான் தெரியும். எழுத்துரு மாற்றியில் போட்டு யூனிகோடாக்கிச் சேமித்தோம்.

மதியம், பார்வை இல்லாத ஐயா ஒருவர். திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் டாக்பேக் வசதி அவர் போனில் ஏற்கெனவே இருக்கிறது, யாரும் சொல்லித்தராததால் அணைத்து வைத்திருந்தார். ஒலிக்கான இரண்டு பொத்தான்களையும் சேர்த்து 3 விநாடி பிடித்தால் அது எழும். ஒருமுறை தொட்டால் அங்கே இருப்பது என்ன என்று சொல்லும், இருமுறை தட்டினால் திறக்கும், பக்கத்தை நகர்த்த இரண்டு விரல். பேசும் வேகம் அவருக்குக் குறைவாகப் பட்டது. கூட்டி வைத்ததும், சுற்றி நின்றவர்களுக்கு ஒரு சொல்லும் பிடிபடாத வேகத்தில் அவர் அழைப்புப் பட்டியலில் இறங்கி, தம்பியின் எண்ணைத் தட்டினார். "டேய், நானேதான் போட்டேன்" என்றார். இதே டாக்பேக், பார்வை உள்ளவர் போனில் தெரியாமல் ஆன் ஆகிவிட்டால் போன் கெட்டுவிட்டது என்றே நினைப்பார்கள். அவர்களுக்கும் தீர்வு அதே இரண்டு பொத்தான்கள்தான்.

மாலை, ஒப்படைப்பு. 2 லேப்டாப், பழைய ரூட்டர் ஒன்று, ஏ3 தாள் ஒரு கட்டு, அலமாரிச் சாவி ஆகியவை இந்த ஊரிலேயே இருக்கும். சாவி இருவரிடம், ஒருவரிடம் மட்டும் இருந்தால் அவர் வெளியூர் போகும் நாளில் கூடம் பூட்டியே கிடக்கும். வாரம் இரண்டு மாலை, 7 முதல் 8:30 வரை. நேரத்தை வாசலில் சுண்ணாம்பில் எழுதியாயிற்று.

சான்றிதழ் எதுவும் கொடுக்கவில்லை. மூன்று வாரம் கழித்து இதே வழியில் திரும்பி வரும்போது, அந்தந்த ஊரில் எழுதிய சீட்டுகளை எடுத்துக்கொண்டு வருவோம். சீட்டில் எழுதியிருக்கும் வேலையை அவர்கள் தனியாகச் செய்து காட்ட வேண்டும், பென்சில்கூட இல்லாமல். அதற்குள் பெட்டியில் சேர வேண்டியவை: சிஆர்2032 ஆறு, ஒட்டிகள் இன்னும் இரண்டு தொகுதி, ராஸ்பெர்ரி பைக்கு இன்னொரு 3 ஆம்பியர் சார்ஜர், ஒரு டப்பா பல்குச்சி.